இழுக்கக் கூடாத கொடி

சர்க்கரை போடலாமா, கூடாதா? மகளைப் பறிகொடுத்துவிட்டு வருகிறவளுக்குக் கொடுக்கிற டீயில் இனிப்பு இருக்கலாமா? குறைத்துப் போட்டால் கஞ்சத்தனமாகப் படும். வழக்கம்போலப் போட்டால், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கிறார்கள் பார் என்று படும். விடிகாலையிலிருந்து பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவள். வயிற்றில் ஒன்றும் இருக்காது. சர்க்கரை உள்ளே போனால் கொஞ்சம் தெம்பு வரும். தெம்பு வந்தால் கேள்வி கேட்பாள். கேட்கட்டும். ஐயோ, கேட்காமல் இருக்கட்டும்.

அக்கா சர்க்கரை டப்பாவின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். அடுப்பில் டீ சுண்டிக்கொண்டிருந்தது.

"இன்னும் கொதிக்க விட்டா அது டீ இல்ல, கஷாயம்," என்றாள் சமையல்காரி, நறுக்குகிற வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல். "சர்க்கரையைத் தனியா ஒரு கிண்ணத்துல வைங்க. வேணும்னா போட்டுக்கட்டும், வேணாம்னா விடட்டும். இதுக்குப் போயி கோட்டையைப் பிடிக்கிற மாதிரி யோசிக்கிறீங்களே."

சமையல்காரிக்கு எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு வழி கைவசம் இருக்கும். அந்தப் பெண் போன அன்று காலை இந்தக் கொட்டகையில் டாக்டர் என்ன சொன்னார் என்று யாராவது கேட்டால் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். அவள் பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாளாம். குழாய்ச் சத்தத்தில், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் காதில் விழாதாம். அது பொய்யும் இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். கொடுத்துவைத்தவள்.

டாக்டர் சொன்னதைக் கேட்டது இரண்டே பேர். ஒருத்தி அக்கா. இன்னொருத்தி இப்போது இல்லை.

அந்த இன்னொருத்தியை இங்கே எல்லோரும் சுருட்டை என்றுதான் கூப்பிட்டார்கள். மழை ஈரத்தில் அவள் தலைமுடி உப்பிக் கூடு கட்டிக்கொள்ளும். சீப்பு உள்ளே போனால் திரும்பி வராது. "என் தலையிலயும் ஒரு காடு வளருது, அதுக்கும் யாராவது தொண்டு செய்ய வாங்கப்பா," என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடச் சொன்ன அம்மாவிடம் சண்டை போட்டுக்கொண்டு, ஒரு பையோடு வந்து இறங்கியவள். அம்மா தையல்காரி. அப்பா என்று ஒருவர் எங்கோ இருக்கிறார் என்பதற்கு மேல் அவள் சொன்னதில்லை.

அக்கா வந்த கதை வேறு. வாழ்நாளில் பாதியை ஓர் ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே பிரிவில் கழித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, அப்பா போய்ச் சேர்ந்தபோது வயது போயிருந்தது. ஓய்வு பெற்றபின் அண்ணன் வீட்டுப் பின்னறையில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கட்டில் கிடைத்தது. அந்த மெஷின் துணி பிழியும்போது கட்டிலும் சேர்ந்து ஆடும். மழைக்காட்டை மீட்கும் வேலைக்குத் தொண்டர்கள் வேண்டும் என்று ரேடியோவில் கேட்டுவிட்டு, ஒரு மாதம் போய் வருகிறேன் என்று சொன்னபோது அண்ணி சிரித்தாள். பால்கனித் தொட்டியில் இருந்த ஒரே செடியைக் காயவிட்டவள் காடு வளர்க்கப் போகிறாளாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னாள். அந்த ஒரு மாதம் இரண்டு மழைக்காலமாக நீண்டுவிட்டது. அண்ணன் வீட்டிலிருந்து, எப்போது வருகிறாய் என்று யாரும் கேட்கவும் இல்லை.

காடு என்று நினைத்து வருகிறவர்கள் முதல் நாள் ஏமாந்துதான் போவார்கள். ஒரு கம்பெனி மலையை மொட்டையடித்துத் தோட்டம் போட்டு, மண் செத்ததும் விட்டுவிட்டுப் போன இடம் அது. ஓடையோரம் மட்டும் பழைய மரங்கள் கொஞ்சம் தப்பித்திருந்தன. அந்த மரங்களின் கீழே விழும் பழங்களைப் பொறுக்கி, சதையைக் கழுவி, விதையைப் பையில் ஊன்றி, நிழல் வலைக்குக் கீழே வைத்துத் தண்ணீர் ஊற்றி, மழை பிடித்ததும் தூக்கிக்கொண்டு போய் நட வேண்டும். நட்டது பிழைத்தால் அடுத்த தலைமுறைக்கு நிழல். "நாம அட்டைக்கு ரத்த தானம் பண்ண வந்தவங்க, மரம் அதோட இலவசம்," என்பாள் சுருட்டை.

இதையெல்லாம் தொடங்கி நடத்துகிறவர்தான் டாக்டர். தாவரங்களைப் பற்றிப் படித்து வாங்கிய பட்டம். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டால்கூட முழிப்பார். ஆனால் உதிர்ந்த ஒரு இலையைக் கையில் கொடுத்தால் அது எந்த மரத்தின் எந்த வயதுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார். சொந்த வீட்டை விற்று இங்கே போட்டவர். மனைவி இதற்காகவே விட்டுப் போனாள் என்று பேச்சு. கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. அக்காவாலும் முடியவில்லை. முடிந்திருந்தால் இந்த இரண்டு வாரமும் கொஞ்சம் சுலபமாகக் கழிந்திருக்கும்.

நட்ட கன்றுகளுக்கு எமன் ஒரு கொடி. இந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதது. யாரோ ஒரு காலத்தில் வேலியோரம் பூவுக்காக வைத்தது, கூடாரத்துக்குள் ஒட்டகம் நுழைந்த கதையாக மலை முழுவதையும் பிடித்துக்கொண்டது. கன்றுகளின் மேல் ஈரப் போர்வை மாதிரி விழுந்து மூச்சை நிறுத்தும். பெரிய மரங்களிலும் ஏறி, உச்சியில் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அதை ஒழிக்க ஒரு முறை இருந்தது. முழங்கால் உயரத்தில் ஒரு வெட்டு, தலை உயரத்தில் ஒரு வெட்டு, நடுத்துண்டை எடுத்து எறிந்துவிட வேண்டும். மேலே மிஞ்சியது அங்கேயே தொங்கிக் காய்ந்து, உளுத்து, தானாக உதிரும். வெட்டலாம், இழுக்கக் கூடாது. கீழே பார்த்தால் அது ஒற்றைக் கொடிதான். மேலே எத்தனை பட்ட கிளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது கொடிக்குத்தான் தெரியும். இங்கே இழுத்தால் பக்கத்து மரம் இறங்கும்.

அதனால் எப்போதும் ஜோடியாகத்தான் போவார்கள். ஒருவர் வெட்டுவார், ஒருவர் மேலே பார்ப்பார். பார்ப்பவருக்கு வேறு வேலையே கிடையாது. கழுத்து வலித்தாலும் அட்டை ஏறினாலும் கண்ணைக் கீழே இறக்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் வெட்டத்தான் ஆசைப்படுவார்கள். பார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டவள் அக்கா ஒருத்திதான். எலும்பில் மயிரிழை விரிசலைத் தேடிப் பழகிய கண்ணுக்கு, காய்ந்த கொம்பு எது, பச்சைக் கொம்பு எது என்று பிரிப்பது பெரிய காரியமாக இல்லை. எக்ஸ்ரே அக்கா என்ற பெயர் அப்படித்தான் வந்தது.

வெட்டுகிறவள் சுருட்டை. வெட்டிக்கொண்டே கேட்பாள், "அக்கா, என் மண்டைக்கு மேல என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல. உள்ளயும் ஒண்ணும் தெரியல."

"டாக்டர் சொல்லட்டும், நீங்க சொல்லக் கூடாது."

அந்தக் கேலிக்குக் காரணம் அக்காவே சொன்ன கதை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்ததும் உடைசலை முதலில் பார்ப்பது அவள்தான். வெளியே பெஞ்சில் காத்திருக்கிற அம்மாவோ மனைவியோ அவள் முகத்தையே பார்ப்பார்கள். என்னங்க தெரியுது என்பார்கள். டாக்டர் சொல்வாரு என்பது அவள் பதில். அதுதான் விதி, நியாயமான விதியும்கூட. ஆனால் வருடங்கள் போகப் போக அந்த விதிக்குப் பின்னால் அவளுக்கு ஒரு வசதி வந்துவிட்டது. எதைப் பார்த்தாலும் முகத்தில் காட்டாமல் இருப்பது அவளுக்கு உடம்போடு ஒட்டிய பழக்கமாயிற்று. அண்ணன் அப்பாவின் வீட்டை விற்றபோதுகூட அவள் முகம் அப்படித்தான் இருந்தது. பாவம், ஆசையே இல்லாதவள் என்று அண்ணன் ஊரெல்லாம் பாராட்டினான்.

டாக்டர் அதைச் சொன்ன அன்று காலை மற்றவர்கள் எல்லோரும் ஜீப்பில் மண் எடுக்கப் போயிருந்தார்கள். மதியம், பணம் கொடுத்து உதவுகிற சங்கத்திலிருந்து பார்வையாளர்கள் கேமராவோடு வருவதாக இருந்தது. கோடையில் வெட்டிவிட்ட கொடிகள் ஓடையின் இரண்டு கரையிலும் காய்ந்து பழுப்பாகத் தொங்கின. டாக்டர் சாப்பாட்டுத் தட்டோடு கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"ஒட்டடை அடிக்காத வீடு மாதிரி இருக்கு," என்றார். "காஞ்சதெல்லாம் இழுத்துப் போட்டுடுங்க. ஆளுக்கொரு கரை எடுத்துக்கிட்டா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்."

இழுக்கக் கூடாது என்று அவர்தானே சொல்லியிருக்கிறார் என்று அக்கா கேட்டாள். கேட்டாள், அது உண்மை. அது பச்சைக் கொடிக்கு, காய்ந்ததில் என்ன இருக்கிறது, நூல் மாதிரி வந்துவிடும் என்றார் அவர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்லாவற்றுக்கும் எதிர்க்கேள்வி போடுகிற சுருட்டை அன்றைக்குப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. "உத்தரவு," என்று நெற்றியில் கை வைத்துவிட்டு, இந்தக் கரை தனக்கு, அந்தக் கரை அக்காவுக்கு என்று பங்கு பிரித்தாள். யார் முதலில் முடிக்கிறார்கள் என்று பார்ப்போம் என்றாள்.

பெரிய சேலையை யாரோ நடுவில் கிழித்த மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு கனத்த சத்தம். அவ்வளவுதான். கூச்சல் எதுவும் இல்லை. அக்கா ஓடையில் விழுந்து எழுந்து அக்கரைக்குப் போனபோது பட்டுப்போன ஓர் உச்சிக்கொம்பு சுருட்டையின் மேல் குறுக்காகக் கிடந்தது. முகம் மண்ணில். தலைமுடி மட்டும் வழக்கம்போல உப்பியிருந்தது. கைக்குள் அந்தக் கொடி, நூல் மாதிரி வரும் என்று சொன்ன கொடி, அப்படியே இருந்தது. சிள்வண்டுகள் கத்துவதை நிறுத்தவே இல்லை. அதுதான் அக்காவுக்கு இன்னும் ஆறவில்லை. ஒரு நொடியாவது நிறுத்தியிருக்கலாம்.

மண் எடுக்கப் போன ஜீப் திரும்பி வந்து அவளை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது பார்வையாளர்களின் வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. அவசரம் தெரிந்து ஒதுங்கி வழிவிட்டார்கள். நல்ல மனிதர்கள். ஆஸ்பத்திரி வரைக்கும் டாக்டர் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது வெறும் தலைதான், உயிர் ஓடைக்கரையிலேயே போய்விட்டது என்று அக்காவுக்குத் தெரியும். அவள் அதையும் சொல்லவில்லை.

நேற்று மாலை நிழல் வலைக்குக் கீழே டாக்டர் அவளைத் தேடி வந்தார். தாடி எடுக்காத முகம். சட்டை அவரைவிடப் பெரிதாகியிருந்தது. ஒரு கன்றுப் பையில் களை பிடுங்குகிற பாவனையில் உட்கார்ந்து, பையையே பார்த்துக்கொண்டு பேசினார். அந்தப் பெண்ணின் அம்மா நாளைக்கு வருகிறாள், மகளின் சாமான்களை எடுத்துக்கொண்டு போக. உடலைக் கொண்டுபோனபோதே அவளிடம் அவர் சொல்லிவிட்டார். இழுக்கக் கூடாது என்று விதி இருந்தது, பெண் விளையாட்டுத்தனமாக இழுத்துவிட்டாள் என்று. எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லையாம். வந்துவிட்டது. அந்த அம்மா அதை நம்பியும்விட்டாள். இனி அதை மாற்றிச் சொன்னால் அவள் புகார் கொடுப்பாள். புகார் வந்தால் நிலத்தின் குத்தகை ரத்தாகும். பக்கத்துத் தோட்டக்காரர்கள் அதற்குத்தான் வாயில் எச்சில் ஊறக் காத்திருக்கிறார்கள். இந்தக் கன்றுகள் எல்லாம் பையிலேயே காயும்.

"ஒரு பொண்ணு போயிட்டா," என்றார். "அதோட காடும் போகணுமா அக்கா?"

அது நியாயமான கேள்வியாகத்தான் இருந்தது. அக்கா தன் கையால் கழுவிய விதைகள் அவள் முழங்கால் உயரத்துக்கு நின்று கேட்டுக்கொண்டிருந்தன.

அந்த அம்மா கேட்டால் ஆமாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார் அவர். பிறகு எழுந்து, போகிறவர் போல இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பினார். நாற்றங்கால் முழுவதையும் அக்காவே பொறுப்பெடுத்துக்கொள்ளலாம், ஓரமாக ஒரு அறையும் கட்டிக்கொடுப்பதாக நெடுநாளாக யோசனை, எத்தனை வருடம் வேண்டுமானாலும் இங்கேயே இருக்கலாம் என்றார். அதையும் உண்மையாகவே சொன்னார். நன்றிக்கும் விலைக்கும் நடுவில் எங்கே கோடு என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அவர் சம்மதமாக எடுத்துக்கொண்டு போனார். அவளுடைய மௌனத்தை எல்லோரும் எப்போதும் சம்மதமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவளும் ஒருநாளும் திருத்தியதில்லை.

அக்கா டீயை இறக்கும்போது ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

அந்த அம்மா நினைத்ததைவிடச் சின்ன உருவமாக இருந்தாள். நேரான, எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி. சுருட்டை முடி யாரிடமிருந்து வந்தது என்று அக்கா தன்னையறியாமல் யோசித்தாள். டாக்டர் அவளை அறை வாசல் வரை கூட்டிவந்துவிட்டு, கை கால் கழுவிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். தகரக் கூரை போட்ட அறை. இரண்டு கட்டில், இரண்டு ஆணி, ஒரு கொடிக்கயிறு. சுருட்டையின் துணிகளை அக்கா துவைத்து மடித்து அவள் கட்டிலில் வைத்திருந்தாள். காட்டு நாற்றம் போகவில்லை.

"இந்தக் கட்டிலா?"

"ஆமாங்க."

அந்த அம்மா டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, மேலே இருந்த சட்டையை எடுத்து வெளிச்சத்தில் விரித்தாள். அக்குள் தையலைப் பார்த்தாள். காலரைப் பார்த்தாள். தொழில் கண். பிறகு ஒரு பட்டனில் விரல் நின்றது.

"இதை யாரு தச்சது?"

"அவளேதான். இங்க வந்தப்புறம் அறுந்துபோச்சு."

"வெள்ளைப் பட்டனைக் கறுப்பு நூல்ல தச்சிருக்கா." அவள் குரலில் அழுகை இல்லை, எரிச்சல்தான் இருந்தது. "தையல்காரி பெத்த பொண்ணு. ஊசியைக் கையில எடுன்னு தலையால தண்ணி குடிச்சுப் பாத்தேன். எடுத்தாதானே."

தோள்பையிலிருந்து ஒரு சின்னக் கத்தரியும் ஊசியும் வெள்ளை நூலும் எடுத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, கறுப்பு நூலைத் துண்டு துண்டாகப் பிரித்து எடுத்துவிட்டு, அந்தப் பட்டனை மறுபடி தைக்கத் தொடங்கினாள். இனி யாரும் போடப்போவதில்லை என்பது அந்தக் கைகளுக்கு இன்னும் எட்டவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் முதல் துளிகள் கல் மாதிரி விழுந்தன. அக்கா எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள்.

"எல்லாரும் அவளைப் பத்தி நல்லதாவே சொல்றீங்க," என்றாள் அந்த அம்மா, தைத்துக்கொண்டே. "ஜீப் ஓட்டிட்டு வந்தவரும் வழியெல்லாம் அதேதான் சொன்னாரு. தங்கம், சிரிச்ச முகம்னு. எனக்கு அது வேணாங்க. எனக்கு அவளைத் தெரியும். மழையில போகாதேன்னா போவா. மாடிச் சுவர்ல ஏறாதேன்னா ஏறுவா. படிச்சுட்டு காட்டுக்குப் போகாதேன்னேன், வந்துட்டா. இவளுக்கு யாராவது ஒண்ணு செய்யாதேன்னு சொன்னாங்கன்னா செஞ்சாகணும். பொறந்ததுலேர்ந்து அப்படி. டாக்டர் சார் வந்து, இழுக்காதேன்னு சொல்லியிருந்தோம், இழுத்துட்டான்னு சொன்னப்பவே நினைச்சேன், இவ வேலைதான் இதுன்னு."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அழுகை வர மாட்டேங்குது எனக்கு. கோவம்தான் வருது. செத்துப்போன பிள்ளை மேல கோவப்படுற அம்மாவை எங்கயாவது பாத்திருக்கீங்களா? ஒரே ஒரு பேச்சு. பொறந்ததுக்கு ஒரே ஒரு பேச்சைக் கேட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பா."

அக்கா சுவரை விட்டு நிமிர்ந்தாள். கேட்டாளே. அந்த ஒரே ஒரு பேச்சைத்தானே கேட்டாள். வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்டவள் அன்றைக்கு ஒருநாள் உத்தரவு என்றாள், கையை நெற்றியில் வைத்தாள், போய் இழுத்தாள். சொன்ன பேச்சைக் கேட்டதால் போனவளை, சொன்ன பேச்சைக் கேட்காததால் போனாள் என்று இந்த அம்மா சாகும்வரை திட்டிக்கொண்டிருப்பாள். ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் திட்டுவாள்.

ஆனாலும் அக்காவின் மனசு உடனே கரை ஏறிவிடவில்லை. அது இப்படியும் பார்த்தது, அப்படியும் பார்த்தது. கோபம்கூட ஒரு பிடிமானம்தானே, அதையும் பிடுங்கிக்கொண்டால் இவள் எதைப் பிடித்துக்கொள்வாள் என்றது. உண்மையைச் சொல்லி இவளுக்கு மகள் திரும்பி வரப்போகிறாளா என்றது. காடு போகும் என்றது. அதற்கும் கீழே, யாருக்கும் காட்டாத இடத்தில், வாஷிங் மெஷின் ஓடும்போது ஆடுகிற கட்டிலைக் காட்டியது. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. இவ்வளவு பெரிய தராசில் ஒரு கட்டிலையும் சேர்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று. ஆனால் அது அங்கே இருந்தது, இல்லையென்று சொல்ல முடியவில்லை.

டாக்டர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள்ளிருந்து உள்ளே வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அந்த அம்மாவின் முன்னால் தரையிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதில் நடிப்பு இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். உடன் யாரும் வரவில்லையா என்று கேட்டார். ஓடையோரம் அவள் பெயரில் ஒரு தோப்பு வைக்கப்போவதாகச் சொன்னார். அதற்குள் அவர் குரல் உடைந்தது.

அந்த அம்மா தைத்து முடித்த சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தோப்பெல்லாம் எதுக்குங்க," என்றாள். "எனக்கு ஒண்ணுதான் தெரியணும். அவளாத்தான் இழுத்தாளா? நான் திட்டுறது சரிதானான்னு தெரிஞ்சுட்டா போதும். தப்பாத் திட்டிறக் கூடாது பாருங்க."

டாக்டர் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் எதுவும் இல்லை. மூழ்குகிறவன் கரையில் நிற்பவரைப் பார்க்கிற பார்வை.

"அக்கா எதிர்க்கரையிலதான் இருந்தாங்க," என்றார். "நீங்களே சொல்லுங்கக்கா. இழுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்போம். அன்னைக்கும் அவளா இழுத்ததுதானே? யாரும் சொல்லலதானே?"

அந்த அம்மா அக்காவின் முகத்தைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்து அப்படிப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஆமாம் என்ற சொல் சின்னது, மூன்றெழுத்து, மூச்சு விடுகிற நேரத்தில் முடிந்துவிடும். அதை வாய்வரை கொண்டுவந்தும் பார்த்தாள். அது வெளியே வரவில்லை.

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன், டாக்டர்."

மழைச் சத்தத்தில் அது பாதிதான் கேட்டிருக்கும். ஆனால் கேட்க வேண்டியவர்கள் இருவரும் கேட்டார்கள். அந்த அம்மாவின் கை சட்டையின் மேல் நின்றது.

டாக்டர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அக்காவுக்கு அன்றிலிருந்து தூக்கமே இல்லை, மனசும் சரியில்லை என்று அந்த அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க போய் நாற்றங்கால்ல கொஞ்ச நேரம் இருங்கக்கா," என்றார். கெஞ்சுகிற குரல். "மழை உள்ள அடிக்குதான்னு பாருங்க. இங்க நான் பேசிக்கிறேன்."

கதவு திறந்தே இருந்தது. மழைக்கு அப்பால் நிழல் வலை மங்கலாகத் தெரிந்தது. அதன் கீழே இருந்த ஒவ்வொரு வரிசையும் என்ன மரம், எந்த மழைக்கு நட வேண்டியது என்று அக்காவுக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள்.

"இல்ல டாக்டர்," என்றாள். "நான் போகல."

மடித்து வைத்திருந்த துணிகளை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, அந்த அம்மாவின் பக்கத்தில், அவளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.